மொழிக்கு அரண்: கூட்டாட்சிக்குப் பின் கியூபெக் மாகாணம்

அரசியல் கூறும் நூலாசிரியர், நாட்டிற்கு இன்றியமையாத உறுப்புகளுள் அரணையும் ஒன்றாக வைத்து எண்ணுவர். மதிலும் அகழியும் காடும் மலையும் அரணாம் என்றும் வகுப்பர். நாட்டிற்கு அரண் இவையாயின், ஒரு மொழிக்கு அரண் யாது? தமிழைச் சிறப்புப் பாடமாகக் கொண்டு பயிலும் எமக்கு இது வெறும் ஏட்டு வினாவாகத் தோன்றவில்லை. இதற்கு விடை காண விரும்புவார், கனடா தேசத்துக் கியூபெக் மாகாணத்தின் வரலாற்றை நோக்குதல் நலம். வட அமெரிக்காவின் பெரும்பகுதியில் ஆங்கிலம் பரவிய பின்னரும், தம் வீட்டிலும் கோவிலிலும் வழக்கு மன்றத்திலும் பிரெஞ்சு மொழியை விடாது போற்றி வந்தவர் அம்மாகாணத்து மக்கள். 1867-ஆம் ஆண்டில் கனடாக் கூட்டாட்சி ஏற்பட்டது முதல் அவர்தம் அரசியலும் சமூக வாழ்வும் எய்திய மாறுதல்களைச் சுருங்கக் கூறி, அவர் தம் மொழிக்கு எவ்வெவற்றை அரணாகக் கொண்டனர், அவ்வரண்கள் அவர்க்கு அளித்தவை யாவை, அவரிடமிருந்து கவர்ந்தவை யாவை என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்வரலாற்றைச் சிறிது கூறுதல் வேண்டும். 1608-இல் சாம்ப்ளேன் என்னும் பிரெஞ்சுக்காரர் செயின்ட் லாரன்ஸ் நதிக்கரையில் கியூபெக் நகரை நிறுவினார். மெக்சிக்கோவுக்கு வடக்கே, பழைய மதில் இன்றும் சூழ்ந்து நிற்கும் நகரம் அஃதொன்றே என்பர். 1759-இல் அம்மதிற்புறத்தே நிகழ்ந்த போரில் ஆங்கிலேயர் வென்றனர். 1763-இல் பாரிஸ் உடன்படிக்கையால் அந்நாடு அவர் வசமாயிற்று. அங்ஙனம் ஆங்கில அரசின்கீழ் வந்த பிரெஞ்சு மக்கள் ஏறக்குறைய எழுபதினாயிரவரே. எனினும், 1774-இல் இயற்றப்பட்ட கியூபெக் சட்டம் அவர்தம் கத்தோலிக்க சமயத்திற்கும் பிரெஞ்சு உரிமைச் சட்டத்திற்கும் இடமளித்தது. 1839-இல் டர்ஹாம் பிரபு தம் அறிக்கையில், இவர் வரலாறும் இலக்கியமும் இல்லாத மக்கள் என்று எழுதி, இவரை ஆங்கில மக்களோடு கலந்து ஒன்றாக்குதலே தக்கது என்றனர். அவர் கருத்தின்படியே, 1841 முதல் பிரெஞ்சுப் பகுதியும் ஆங்கிலப் பகுதியும் ஒரே சட்டசபையின்கீழ் இணைக்கப்பட்டன. பிரான்சுவா சேவியர் கார்னோ என்னும் அறிஞர், 1845 முதல் தம் நாட்டு வரலாற்றைப் பல பாகங்களாக எழுதி வெளியிட்டு, தம் மக்களுக்கு வரலாறு உண்டு என்பதை நிலைநாட்டினார்.

1867 ஜூலை முதல் நாளில், கியூபெக், ஒண்டாரியோ, நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்சுவிக் என்னும் நான்கு மாகாணங்களும் கூடிய கனடாக் கூட்டாட்சி தோன்றிற்று. பிரெஞ்சு மக்களின் தலைவருள் ஒருவரான ஜார்ஜ் எத்தியேன் கார்த்தியே இதனை வற்புறுத்தி நின்றார். ஒரே சட்டசபையில் ஆங்கிலேயரோடு என்றும் போராடுவதினும், தமக்கென ஒரு சட்டசபையும் மாகாணமும் பெறுதல் நன்று என்பது அவர் துணிபு. கல்வியும் உரிமைச் சட்டமும் மாகாணத்தின் பொறுப்பாயின. கூட்டாட்சியின் பாராளுமன்றத்திலும் அதன் நீதிமன்றங்களிலும், கியூபெக் சட்டசபையிலும் அம்மாகாண நீதிமன்றங்களிலும், ஆங்கிலம் பிரெஞ்சு என்னும் இரு மொழிகளும் வழங்கலாம் என அரசியற் சட்டம் விதித்தது. மாகாணத்தின் முதல் முதன்மந்திரியாக அமர்ந்த ஷோவோ என்பவர் ஒரு நாவலாசிரியர். கல்வித் துறையில் நெடுங்காலம் தொண்டாற்றியவர். 1868-இல் கல்வி இலாகா ஒன்றை அமைத்து, அதன் மந்திரிப் பொறுப்பையும் அவரே ஏற்றார்.

ஆயினும் அவ்விலாகா நீடிக்கவில்லை. 1875-இல் அது நீக்கப்பட்டு, கல்வி முழுதும் ஒரு கல்விக் கழகத்தின் கையிற் சென்றது. அக்கழகத்தில் கத்தோலிக்கர்க்கு ஒரு குழுவும் புரோட்டஸ்டண்டார்க்கு ஒரு குழுவும் இருந்தன. கத்தோலிக்கக் குழுவில் மாகாணத்து மேற்றிராணியார் அனைவரும் தம் பதவியினாலேயே உறுப்பினராயினர். 1897-இல் பதவியேற்ற முதன்மந்திரி மார்ஷான் கல்வி இலாகாவை மீண்டும் நிறுவ முயன்றபோது, மேற்சபை அதனைத் தடுத்துவிட்டது. அவ்விலாகா மறுபடியும் தோன்றியது 1964-இல்தான். இடைப்பட்ட 89 ஆண்டுகளும், பிரெஞ்சு மக்களின் மொழிக்கு முதல் அரணாக நின்றது திருச்சபையே எனலாம்.

அவ்வரண் செய்த நன்மையை மறுத்தல் நன்றியன்று. சிற்றூர்தோறும் கோவிலும், கோவிலின் அருகே பள்ளியும் இருந்தன. கன்னியாஸ்திரிகளும் துறவியரும் சிறு ஊதியத்திற் கற்பித்தனர். மருத்துவமனைகளையும் அநாதைச் சாலைகளையும் நடத்தினர். பிறப்பு, மணம், இறப்பு ஆகிய மூன்றும் பங்குக் குருவின் பதிவேட்டிற் பிரெஞ்சிலேயே எழுதப்பட்டன. ஜெபமும் பிரசங்கமும் கேட்டு வளர்ந்த குழந்தை, அயல்மொழி ஒன்றின் தேவையை அறியாமலே வாழ்ந்து முடிக்கக்கூடிய நிலைமை சிற்றூர்களில் இருந்தது. சட்டசபைக் கட்டடத்தைச் சமைத்த தாஷே என்னும் சிற்பி, 1883-இல் அதன் வாயிலின் மேல், ‘நான் நினைவு கூர்கின்றேன்’ என்னும் பொருளுடைய மூன்று பிரெஞ்சுச் சொற்களைப் பொறிக்கத் திட்டமிட்டார். அதுவே பின்னர் மாகாணத்தின் குறிக்கோள் வாக்கியமாயிற்று.

எனினும், பகைவரைத் தடுக்கும் மதில், உள்ளிருப்பாரையும் வெளிச்செல்லாது தடுத்தல் கூடும். மாண்ட்ரியல் நகரில் ஜோசப் கிபோர் என்னும் அச்சுத் தொழிலாளி ஒருவர் இருந்தார். அவர் உறுப்பினராயிருந்த கனடாக் கழகத்தின் புத்தகசாலையில், திருச்சபை விலக்கிய நூல்கள் சில இருந்தன. மேற்றிராணியார் பூர்ஷே அக்கழகத்தைக் கண்டித்தார். கிபோர் கழகத்தை விட்டு விலகவில்லை. 1869-இல் அவர் இறந்தபோது, மந்திரித்த கல்லறை நிலத்தில் அவர் உடலை அடக்கம் செய்ய இடம் மறுக்கப்பட்டது. அவர் மனைவியார் வழக்குத் தொடுத்தார். வழக்கு இங்கிலாந்துப் பிரிவி கௌன்சில் வரை சென்று, 1874-இல் கிபோரின் பக்கமே தீர்ப்பாயிற்று. மறு ஆண்டில் உடலைக் கொண்டுசென்றபோது, மக்கள் கூட்டம் கூடித் தடுத்தது. இறுதியில் 1875 நவம்பர் 16-ஆம் நாளில், படைவீரர் காவலுடன் அடக்கம் நிகழ்ந்தது. எவரும் தோண்டாவண்ணம் பெட்டியின்மேல் சிமிட்டி வார்க்கப்பட்டது. மேற்றிராணியாரோ, அக்குழி இருந்த நிலம் இனித் தூய நிலமன்று என்று அறிவித்தார். படிக்கும் நூலைத் தானே தேர்ந்துகொள்ள விரும்பிய ஒரு தொழிலாளிக்கு ஆறடி நிலம் பெற ஆறாண்டுகள் ஆயின. மொழியைக் காத்த கரமே அம்மொழியிற் படிக்கத் தக்கது இது, தகாதது இது என்று வரையறுக்கவும் செய்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இனி, வயிற்றுப்பாட்டை நோக்குவோம். பிரெஞ்சுக் குடும்பங்களிற் குழந்தைகள் மிகுதி. நல்ல நிலமோ குறைவு. ஆகவே, 1840 முதல் 1930 வரையுள்ள காலத்தில் ஏறக்குறைய ஒன்பது இலட்சம் பிரெஞ்சுக் கனடியர் எல்லை கடந்து அமெரிக்க ஐக்கிய நாட்டிற்குச் சென்றனர். லோவல், மான்செஸ்டர், வூன்சாக்கெட், பால் ரிவர் முதலிய ஊர்களின் நெசவாலைகள் அவரை ஏற்றன. இவ்வோட்டத்தைத் தடுக்க முயன்றவருள் தலைசிறந்தவர் அந்துவான் லபேல் என்னும் குரு. மாண்ட்ரியலுக்கு வடக்கேயுள்ள காடுகளைத் திருத்திப் பல குடியேற்றங்களை அமைத்தார். 1888-இல் மாகாண அரசின் குடியேற்றத் துறையிலும் உயர்பதவி ஏற்றார். ஆயினும் வடக்கு நிலம் கல்லும் பனியும் நிறைந்தது, உழவனைச் செல்வனாக்கவில்லை. சோறில்லாக் கோட்டை நெடுநாள் நில்லாது என்பது போர்நூலார் அறிந்த உண்மை. எல்லை கடந்தவருள் பலருடைய பேரப்பிள்ளைகள் ஆங்கிலமே பேசலாயினர்.

மாகாணத்திற்கு வெளியேயும் பிரெஞ்சு மொழி இடர்ப்பட்டது. மேற்குப் பகுதியில் மெத்தி மக்களின் உரிமைக்காகக் கிளர்ச்சி செய்த லூயி ரியேல், 1885 நவம்பர் 16-ஆம் நாளில் ரெஜைனா நகரில் தூக்கிலிடப்பட்டார். அவர் கத்தோலிக்கர், பிரெஞ்சு மொழியினர். கியூபெக் முழுதும் துயரமும் சினமும் பொங்கின. அவ்வுணர்ச்சி எழுப்பிய கட்சியின் தலைவர் ஓனரே மெர்சியே 1887-இல் முதன்மந்திரியானார். 1890-இல் மானிட்டோபா மாகாணம் தன் சட்டசபையிற் பிரெஞ்சு மொழியின் உரிமையை நீக்கியது. கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு அளித்துவந்த பொதுப்பணத்தையும் நிறுத்தியது. 1896-இல் வில்பிரட் லோரியே கனடாவின் பிரதம மந்திரியாகி, அப்பதவியேற்ற முதற் பிரெஞ்சுக் கனடியர் என்னும் சிறப்பைப் பெற்றும், அக்குறையை முற்றும் நீக்க அவரால் இயலவில்லை. 1912-இல் ஒண்டாரியோ மாகாணம், பள்ளியின் முதலிரண்டு ஆண்டுகளுக்கு மேல் பிரெஞ்சு வழியாகக் கற்பித்தலைத் தடுத்து விதி வகுத்தது. முதல் உலகப்போரின்போது, 1917-இல் கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டம் பிறந்தது. தம் மொழியைப் பள்ளியில் மறுக்கும் நாட்டின் பொருட்டுக் கடல் கடந்து உயிர் விடவேண்டுமோ என்று பலர் வினவினர். 1910-இல் ஆன்றி புராசா தோற்றுவித்த ‘லெ தெவுவார்’ என்னும் நாளிதழ் இச்சட்டத்தை எதிர்த்து நின்றது. 1918-இல் உயிர்த்தெழுந்த பெருநாளையொட்டிக் கியூபெக் நகரிற் கலகம் மூண்டு, படைவீரர் சுட நால்வர் மாண்டனர். இந்நிகழ்ச்சிகளால், கனடா முழுதும் தமக்கு வீடு என்னும் எண்ணம் தளர்ந்து, கியூபெக் ஒன்றே தமக்கு வீடு என்னும் எண்ணம் வலுப்பெற்றது.

அவ்வீட்டினுள்ளும் அவர் தலைவராயிருந்தாரோ எனின், இல்லை. 1921-க்குள் மாகாண மக்களுட் பாதிக்கு மேற்பட்டார் நகரங்களில் வாழலாயினர். ஆலையும் வங்கியும் சுரங்கமும் மின்சாரமும் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவார் கையில் இருந்தன. மேலாள் ஆங்கிலம் பேசினான், கூலியாள் பிரெஞ்சு பேசினான். 1945-இல் கபிரியேல் ருவா என்னும் பெண்மணி எழுதி வெளியிட்ட நாவல், மாண்ட்ரியலின் ஏழைப் பகுதியாகிய செயின்ட் ஆன்றியில் வாழும் ஒரு குடும்பத்தின் துன்பத்தை விரித்துரைத்தது. வேலையற்றோர் ஊதியத்தின் பொருட்டே படையிற் சேர்வதையும் அது காட்டிற்று. உழவும் கோவிலும் சூழ்ந்த பழைய வாழ்வை இலக்கியம் புகழ்ந்துகொண்டிருந்த காலத்தில், நகரத்து வறுமையை அந்நூல் உள்ளவாறே எடுத்துரைத்தமையால், அதன் தோற்றம் ஒரு திருப்பமாகக் கருதப்படுகின்றது.

பெண்டிர் நிலையும் பின்தங்கியே இருந்தது. கனடாப் பாராளுமன்றத் தேர்தலில் 1918 முதல் வாக்குரிமை பெற்ற கியூபெக் பெண்டிர், தம் மாகாணத் தேர்தலில் அவ்வுரிமை பெற 1940 வரை காத்திருந்தனர். தெரேஸ் காஸ்கிரேன் முதலிய மாதர் ஆண்டுதோறும் சட்டசபையின் வாயிலைத் தட்டியதன் பயனாக, கொத்பு என்னும் முதன்மந்திரி காலத்தில் அது கிட்டியது. அவரே 1943-இல் கட்டாயக் கல்வியையும், 1944-இல் ‘ஹைட்ரோ கியூபெக்’ என்னும் அரசாங்க மின்சார நிறுவனத்தையும் ஏற்படுத்தினார்.

அவருக்கு முன்னும் பின்னுமாக, 1936 முதல் 1939 வரையும், 1944 முதல் 1959 வரையும் ஆண்டவர் மோரிஸ் தியூப்லெசி. மாகாண உரிமையை அவர் விடாது காத்தார். 1948-இல் மாகாணத்திற்குத் தனிக்கொடியும் தந்தார். ஆயினும் தொழிற்சங்கங்களை அடக்கினார். 1937-இல் அவர் இயற்றிய சட்டம், பொதுவுடைமைப் பிரசாரம் நிகழும் வீட்டைப் பூட்டிவிட அதிகாரம் தந்தது. அச்சட்டம் செல்லாதென 1957-இல் கனடாவின் உயர்தனி நீதிமன்றம் தீர்த்தது. 1949-இல் கல்நார்ச் சுரங்கத் தொழிலாளர் ஏறக்குறைய ஐயாயிரவர் வேலைநிறுத்தம் செய்தனர். அப்போது மாண்ட்ரியல் அதிமேற்றிராணியார் ஷார்போனோ தொழிலாளர் பக்கம் நின்று, அவர் குடும்பங்களுக்காகக் கோவில்களிற் காணிக்கை திரட்டச் செய்தார். மறு ஆண்டில் அவர் பதவி துறந்து, நாட்டின் மேற்குக் கோடியிலுள்ள விக்டோரியா நகரில் எஞ்சிய வாழ்நாளைக் கழித்தார். திருச்சபை ஒரே குரலில் அதிகாரத்தின் பக்கம் நின்றது என்று கூறுவார் இவரை மறத்தல் தகாது.

1960 ஜூனில் ழான் லெசாழ் தலைமையில் லிபரல் கட்சியார் தேர்தலில் வென்றனர். அதன்பின் சில ஆண்டுகளில் நிகழ்ந்த பெருமாறுதலை ‘அமைதிப் புரட்சி’ என்பர். 1962-இல் ‘நம் வீட்டிற்கு நாமே தலைவர்’ என்னும் முழக்கத்தோடு தேர்தலில் வென்று, மறு ஆண்டில் தனியார் மின்சாரக் கம்பெனிகளை அரசாங்கம் விலைக்கு வாங்கியது. இதனை முன்னின்று நடத்திய மந்திரி ரெனே லெவெக். 1964-இல் கல்வி இலாகா மீண்டும் அமைந்தது. அதனை அமைக்கப் பரிந்துரைத்த குழுவின் தலைவர் பரான் என்பவரும் ஒரு குருவே. அவ்வாண்டிலேயே, மணமான பெண்டிர் கணவன் ஒப்புதலின்றித் தம் பெயரால் ஒப்பந்தம் செய்யும் உரிமை பெற்றனர். அச்சட்டத்தைக் கொணர்ந்தவர், 1961-இல் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதற் பெண்மணியாகிய கிளேர் கிர்க்லண்ட் காஸ்கிரேன். பத்தாண்டுகளுக்குள் கோவிலுக்குச் செல்வார் தொகை பெரிதும் குறைந்தது. பிறப்பு விகிதமும் வீழ்ந்தது. மொழியின் காவல் திருச்சபையின் கையினின்றும் அரசாங்கத்தின் கைக்கு மாறியது.

காவலர் மாறியபோது கவலையும் மாறிற்று. முன்னர்க் குழந்தைப்பேறே மக்கட்டொகையை நிறுத்தியது. இப்போது அயல்நாட்டிலிருந்து குடிவருவார் தேவையாயினர். அவரோ பிழைப்புக் கருதித் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினர். மாண்ட்ரியலை அடுத்த செயின்ட் லெயோனாரில், 1968-லும் 1969-லும் இத்தாலியக் குடும்பங்களுக்கும் பிரெஞ்சு மக்களுக்கும் இதன் பொருட்டுப் பூசல் விளைந்தது. 1970 அக்டோபரில், விடுதலைப் படை எனத் தம்மை அழைத்துக்கொண்ட சிலர், ஆங்கில அரசின் வாணிகப் பிரதிநிதி ஒருவரையும் மாகாணத் தொழில் மந்திரி பியேர் லப்போர்த்தையும் கவர்ந்து சென்றனர்; லப்போர்த் கொல்லப்பட்டார். மத்திய அரசு போர்க்காலச் சட்டத்தை ஏவி, ஏறக்குறைய ஐந்நூற்றுவரைச் சிறைப்படுத்தியது. அவருட் பெரும்பாலார்மீது குற்றமே சாட்டப்படவில்லை. வன்முறை மொழிக்கு அரணாகாது என்பதை மக்கள் உணர்ந்தனர். அதன்பின் அவ்வழி ஆதரவிழந்தது.

1976-இல் கியூபெக் கட்சியின் தலைவராக லெவெக் முதன்மந்திரியானார். 1977-இல், மனநோய் மருத்துவராயிருந்த கமில் லோரன் என்னும் மந்திரி கொணர்ந்த பிரெஞ்சு மொழிச் சாசனம், அரசாங்கம், தொழில், வாணிகம், கல்வி ஆகிய துறைகள்தோறும் பிரெஞ்சையே வழக்கமான மொழியாக்கிற்று. குடிவந்தோர் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளியிற் பயிலவேண்டும் என்றும் விதித்தது. கடைப்பலகைகளிற் பிரெஞ்சு மட்டுமே இருத்தல் வேண்டும் என்ற விதியை 1988-இல் உயர்தனி நீதிமன்றம் மறுத்தது. 1993-இல் பிரெஞ்சு மேம்பட்டு நிற்கப் பிறமொழியும் இருக்கலாம் எனத் திருத்தப்பட்டது. 1980-க்குப் பின் இலங்கையிலிருந்து புகலிடம் நாடிச் சென்று மாண்ட்ரியலிற் குடியமர்ந்த தமிழர் பிள்ளைகளும் இச்சாசனத்தின்படியே பிரெஞ்சு வழியாகப் பயின்றனர். வீட்டில் தமிழும் பள்ளியிற் பிரெஞ்சும் வெளியில் ஆங்கிலமுமாக மும்மொழி அறிந்த இளைஞர் இவ்வாறு தோன்றினர். ஆங்கிலம் பேசுவாரும் வாணிக நிலையங்களும் பலவாக மாண்ட்ரியலை விட்டு டொராண்டோவுக்குச் சென்றமையும் உண்மையே.

நாட்டைப் பிரித்துத் தனியரசு ஆக்குதலே முடிந்த அரண் என்று எண்ணினாரும் உளர். 1980-இல் எடுத்த பொதுவாக்கெடுப்பில் நூற்றுக்கு ஏறக்குறைய அறுபதின்மர் வேண்டாம் என்றனர். 1982-இல் கனடாவின் புதிய அரசியற் சட்டம் கியூபெக் அரசின் ஒப்புதலின்றியே நிறைவேறிற்று. அக்குறையைத் தீர்க்க வகுத்த மீச் லேக் உடன்படிக்கை 1990-இல் முறிந்தது. 1995 அக்டோபர் 30-இல் மீண்டும் வாக்கெடுத்தபோது, வேண்டாம் என்றார் நூற்றுக்கு 50.58, வேண்டும் என்றார் 49.42. வாக்காளருள் நூற்றுக்குத் தொண்ணூற்றுமூவருக்கு மேல் வாக்களித்தனர். இவ்வளவு நெருங்கிய வினாவை மக்கள் ஆயுதமின்றி, வாக்குச் சீட்டாலேயே தீர்த்துக்கொண்டனர் என்பது போற்றத்தக்கது.

ஆயினும் அவ்வாக்கெடுப்பிற்குச் சில நாள் முன்னர், வடக்கே வாழும் கிரீ என்னும் பூர்வகுடி மக்கள் தமக்குள் வாக்கெடுத்து, நூற்றுக்குத் தொண்ணூற்றறுவர் கனடாவிலிருந்து பிரிய ஒருப்படோம் என்றனர். 1971-இல் அவரைக் கேளாமலே அவர் நிலத்தில் ஜேம்ஸ் விரிகுடா மின்சாரத் திட்டத்தை மாகாண அரசு அறிவித்தது. அவர் வழக்குத் தொடுத்த பின்னரே 1975-இல் உடன்படிக்கை உண்டாயிற்று. தம் மொழிக்கு இடம் கேட்டு நூறாண்டு போராடிய மக்கள், தம் எல்லைக்குள் தமக்கு முன்பே வாழ்ந்த மக்களின் குரலைக் கேளாதிருந்தனர். 2019-இல் ஆசிரியர் முதலியோர் பணியின்போது சமயச் சின்னம் அணிதலைத் தடுத்த சட்டமும், மொழிச் சாசனத்தை மேலும் இறுக்கிய 2022-ஆம் ஆண்டுச் சட்டமும் பலத்த விவாதத்தை எழுப்பின. கிபோருக்குக் கல்லறை மறுத்த காலத்தில் சமயத்தின் பெயரால் எழுந்த வினா, இப்போது சமயச்சார்பின்மையின் பெயரால் எழுகின்றது: காவலின் எல்லை எது?

2021-ஆம் ஆண்டுக் கணக்கின்படி மாகாணத்து மக்கள் ஏறக்குறைய 85 இலட்சத்தவர். அவருள் நான்கில் மூன்று பங்கினர்க்குப் பிரெஞ்சே தாய்மொழி. டர்ஹாம் பிரபுவின் அறிக்கை பொய்யாயிற்று. இவ்வெற்றியை அளித்தது யாது? திருச்சபை மட்டும் அன்று. சட்டம் மட்டும் அன்று. திருச்சபை மொழியை உயிரோடு வைத்தது; ஆனால் அதற்குத் தொழிலையும் துணிவையும் தரவில்லை. அரசாங்கம் தொழிலைத் தந்தது. ஆனால் பிறர் வாயை அடைக்கும் ஆசையினின்றும் தான் முற்றும் நீங்கவில்லை. ஒரு மொழியைப் பேசுவோன் அம்மொழியால் உண்ணவும், அம்மொழியில் தான் விரும்பிய நூலைப் படிக்கவும், அண்டை வீட்டான் மொழிக்கும் அஞ்சாது இடமளிக்கவும் வல்லனாயின், அம்மொழி வாழும். இம்மூன்றும் கூடிய இடமே மொழிக்கு அரண் என்பது இவ்வரலாற்றால் யாம் துணிந்த முடிபு. மதில் வேண்டுவதே, ஆயினும் வாயிலில்லா மதில் அரண் ஆகாது, சிறையே ஆகும். மொழி பயிலும் மாணவராகிய நம் ஒவ்வொருவர்க்கும் இக்கருத்து சிந்தித்தற்கு உரியது.